எண்ணை உள்ளிடவும்

முதியோர் வகுப்பு டீச்சர் கனகலட்சுமி மூன்றாவது முறையாக வந்து நின்றாள்.

“பெரியப்பா, வகுப்புக்கு வாங்க. படிச்சா வேலை கிடைக்கும்.”

“எனக்கு இருக்கிற வேலை போயிரும். கிளம்புத்தா.”

“படிச்சா எந்த ஊர்ல வேலை போகுது?”

சொன்னால் நம்பமாட்டாள். நானே ஆரம்பத்தில் நம்பவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு பசுமலைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில், ஹம்சவேணி என்கிற பெண் என்னைப் புது பேங்க் மிஷின் முன்னால் நிறுத்திவிட்டு நோட்டை விரித்தாள். திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

“உங்கள்... எண்ணை... உள்ளிடவும். எந்த எண்ணைத்தா? நல்லெண்ணையா, கடலெண்ணையா? எந்த ஓட்டையில ஊத்தணும்?”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். “பெரியப்பா, அது எண்ணெய் இல்ல, நம்பரு.”

ஹம்சவேணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “படிச்சவங்க நாப்பது பேரு பாத்தாங்க தாத்தா. ஒருத்தருக்கும் இது தட்டுப்படல. இன்னைக்கே மாத்தச் சொல்றேன். அடுத்த மாசமும் வந்துருங்க.”

பிறகு டீச்சர் பக்கம் திரும்பி முறைத்தாள்.

“நீங்க யாரும்மா? மிஷின் எங்க புரியலைன்னு சொல்லத்தான் இவருக்குச் சம்பளம். எதையாவது சொல்லிக்குடுத்து இவரைக் கெடுத்துராதீங்க.”