பதில் சொல்ல ஆளில்லாத சொல்

கல்யாணமான புதிதில் அமலதாசும் ஸ்டெல்லாவும் தங்களுக்கென்று ஒரு மொழியை உண்டாக்கினார்கள். பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு, குருமடத்திலிருந்து வந்தவர் அவர். கொஞ்சம் லத்தீன் மிச்சமிருந்தது. தமிழைப் போலவே அதிலும் அப்பாவின் தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் தம்பிக்கு வேறு சொல் என்றதும் ஸ்டெல்லாவுக்குப் பிடித்துப்போனது. உறவுப் பெயர்களைத்தான் முதலில் செய்தார்கள். கூப்பிட்டுப் பார்த்து, பதில் சொல்ல ஆளில்லை என்றால் அந்தச் சொல்லை நீக்கிவிட வேண்டும். மொழிக்கு இருந்த ஒரே சட்டம் அது. பிள்ளைக்கான சொல்லுக்கு மட்டும் தவணை கொடுத்திருந்தார்கள், இனிமேல்தானே வரப்போகிறது என்று.

அவருடைய அம்மா போனதும் அம்மாவுக்கான சொல் போனது. பிறகு சித்தப்பா, மாமா, அவளுடைய அக்கா என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தலை நரைத்த பிறகு, ஒரு மத்தியானம் அவர் சொன்னார்:

"பிள்ளைக்கு வச்சதையும் எடுத்துடலாம் ஸ்டெல்லா. இனி எதுக்கு?"

அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கிறதுன்னா கூப்பிட்டுப் பாத்துட்டு எடுங்க" என்றாள். "என்னைக் கூப்பிடச் சொல்லாதீங்க. எனக்குத் தெம்பில்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, திறந்திருந்த வாசலைப் பார்த்து, "லுனே" என்றார். யாரையும் கூப்பிட்டுப் பழகாத சொல், குரல் பிசிறியது. தெருவில் வெயில் மட்டும் இருந்தது. சரி, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

"இதோ வர்றேன், அப்பா" என்றாள் ஸ்டெல்லா.