ஒரே ஒரு வாசகர்

"பத்தாவது பாதியில விட்டுட்டு வந்தவ எழுதுறதை யாருடி உக்காந்து படிப்பா?" என்று மெஸ் நடத்தும் ஜோசெஃபின் முன்பொரு நாள் கேட்டபோது, ஜெயப்ரியா தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தாள்.

இன்று அதே மெஸ் வாசலில், பூவும் வெற்றிலையும் தேங்காயும் நிறைந்த பையோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"நீதானா கண்ணு ஜெயப்ரியா? நான் பவுனம்மா. கிளிஞ்சல்மேட்டுலேருந்து வர்றேன். நீ எழுதுற சமையலையெல்லாம் எம்மவன் நாகராஜ் போன்ல படிச்சுப் படிச்சுக் காட்டுவான்."

நாகராஜ் என்ற பெயரையே ஜெயப்ரியா இன்றுதான் கேட்கிறாள்.

தலத்தெருவில் இருந்த இந்த மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, கற்றுக்கொண்டதையெல்லாம் அவள் ஒரு வலைப்பூவில் எழுதிவந்தாள். சாம்பாரைத் தீயவிட்டது, அதற்கு வாங்கிய திட்டு, முதன்முதலில் தனியாகக் கோழிக் குருமா வைத்தது. அதைப் படித்தவர் ஒரே ஒருவர்தான். 'தங்கல்காரன்' என்ற பெயரில் எழுதுவார். நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கிறவராம்.

'போட்டுல மீனையே தின்னுட்டு வந்து உங்க குருமாவைப் படிக்கிறது பெரிய தண்டனைங்க' என்று ஒருமுறை எழுதியிருந்தார். அதற்கு அவள் துணிந்து, 'அப்ப ஒரு நாள் மெஸ்ஸுக்கு வாங்களேன்' என்று பதில் போட்டாள். அதோடு அவர் எழுதுவது நின்றுபோனது. ஒரு பெண் அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதோ என்று மருகி மருகி, அவளும் எழுதுவதை விட்டுவிட்டாள்.

"அவங்க... என்மேல கோவமா இருக்காங்களாம்மா?"

"கோவமா? நீ வரச்சொன்னேன்னு புதுச்சட்டை எடுத்தான் கண்ணு. இதா, பாரு." பவுனம்மாள் பையிலிருந்து மடிப்புக் கலையாத நீலச் சட்டையை எடுத்துக் காட்டினாள். "அந்தக் குருமாவைச் செஞ்சு குடேன். நீ எழுதுனபடியே இருக்கணும். எனக்கு அந்தப் பக்குவம் வராது."

ஜோசெஃபின் ஜெயப்ரியாவை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் காதைக் கடித்தாள். "பூ, வெத்தலை, மாமியாக்காரி, எல்லாம் வந்தாச்சு. கைப்பக்குவம் பார்க்க வந்திருக்காடி! உப்பை அள்ளிக் கொட்டிடாதே."

"சும்மா இருங்கக்கா" என்றாள் ஜெயப்ரியா. முகம் அடுப்புச் சூட்டுக்கு முன்பே சிவந்துவிட்டது.

கசகசாவை அரைத்தாள். வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு மேல் ஒரு நொடிகூட விடவில்லை. தேங்காயின் இரண்டாம் பாலில் கோழியை வேகவைத்து, முதல் பாலை ஊற்றிக் கொதி வருமுன்னே தணலைக் குறைத்தாள். இறக்கும்போது, வழக்கம்போல் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

பவுனம்மாள் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் கண்ணு. அவனுக்கு முந்தி யாரும் வாயில வைக்கக் கூடாது."

"அடேயப்பா! ஒரு சொட்டுக்கே இந்தப் பாடா? கல்யாணம் ஆனா எங்க புள்ளைக்குச் சோறு போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று ஜோசெஃபின் சத்தமாகச் சிரித்தாள். ஜெயப்ரியாவும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே கையைக் கழுவினாள். பவுனம்மாள் குருமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்கும்போது, ஜெயப்ரியாவுக்கு இத்தனை நாள் வராத தைரியம் வந்தது.

"அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா, இன்னிக்கே திரும்ப எழுத ஆரம்பிச்சுடுறேன்னு. அவங்க எப்ப கரைக்கு வந்தாங்க?"

பவுனம்மாள் தூக்குவாளியை அழுத்தி மூடினாள்.

"போட்டு வந்துச்சு கண்ணு. அவன் வரல. நாளைக்கு அவனுக்குப் படையல்."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, 'போயிட்டு வர்றேன்' என்றுகூடச் சொல்லாமல் அவள் படியிறங்கிப் போனாள்.