கறுப்பு பேட்ஜ்

“இன்னா டாக்டரே, ஒரு வாரத்துல வூட்டுக்கு அனுப்புறேன்னீங்க. தையல் போட்ட எடத்துல இன்னும் சீழ் வந்துகினே கீது. மறுபடி கிழிக்கணும்ன்றாங்களே, நெசமா?”

மீன் விற்கும் முத்தாலம்மாள் படுக்கையிலிருந்தபடியே கேட்டாள்.

சர்ஜன் பட்டாபிராமன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கத்தி, கத்தரியைச் சுத்தம் பண்ற மிஷின் பழசாயிடுச்சும்மா. அதான் இப்படி. புதுசு வராம நாங்க யாரும் புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டோம். அது வந்தப்புறம்தான் உன்னை ஆபரேஷன் தியேட்டருக்கே கூட்டிட்டுப் போவேன்.”

“நல்லா இருப்ப சாமி!”

கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்ற காசில் தாம்பரத்தில் ஆஸ்பத்திரி கட்டியவர் தனசேகர். அவரிடம் நியாயம் கேட்பது லேசா? சீனியர் டாக்டர்கள் எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு புது ஒப்பந்தம் பேசப் போனார்கள். வெள்ளைக் கோட்டில் பேட்ஜ் எடுப்பாகத்தான் இருந்தது.

“மனுஷ உயிர் சார்! தியேட்டருக்கு மிஷின் வந்தாத்தான் மத்த பேச்சு!” மேஜையைத் தட்டினார் பட்டாபிராமன்.

தனசேகர் பதறவில்லை. முந்திரி பக்கோடாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“வாங்கிடலாம் டாக்டர். ஆனா மிஷின் வாங்கினா இந்த வருஷம் சம்பளத்தை ஏத்த முடியாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

பக்கோடா கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மிஷினை ரிப்பேர் பண்ணிக்கூடப் பார்க்கலாம்...” என்று இழுத்தார் பிரசவ டாக்டர் ஜெயஸ்ரீ.

“பார்க்கலாமே!” என்றார் பட்டாபிராமன். மேஜையைத் தட்டிய கை இப்போது பக்கோடாத் தட்டில் இருந்தது.

அப்புறம் பேச்சு வழுக்கிக்கொண்டு போனது. சம்பளம் ஏறியது. சாயங்காலம் சொந்த கிளினிக் நடத்த அனுமதி கிடைத்தது. மறைமலை நகரில் ஆளுக்கொரு மனை, சலுகை விலையில். பட்டாபிராமன் கார்னர் மனையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேட்ஜுகள் சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போயின. வெட்கம் எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை.

தனசேகருக்கு ஏக சந்தோஷம். “கேக்காமலே ஒண்ணு தர்றேன். உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் ஆபரேஷன், பிரசவம் எல்லாம் இங்கேயே இலவசம்! நம்ம தியேட்டர்லயே!”

கையெழுத்துப் போடப் போன பேனாக்கள் அப்படியே நின்றன. ஜெயஸ்ரீயின் மகளுக்கு இது நிறைமாதம். அவர் பட்டாபிராமனைப் பார்த்தார்.

“அது வேண்டாம் சார்,” என்றார் பட்டாபிராமன். “அதுக்குப் பதிலா, சிட்டியில நல்ல ஆஸ்பத்திரியாப் பார்த்துக்கிற மாதிரி இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்துடுங்க. நம்ம தியேட்டர் லட்சணம் நமக்குத் தெரியாதா?”

தனசேகர் விழுந்து விழுந்து சிரித்தார். “அதுக்கென்ன டாக்டர், எடுத்துடலாம். என் வீட்டுல எல்லாருக்கும் நான் அதைத்தான் எடுத்து வெச்சிருக்கேன்!”

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்த பட்டாபிராமனிடம் நர்ஸ் ஓடி வந்தாள். “சார், அந்த மீன்காரம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. புது மிஷின் வருதா சார்?”

பட்டாபிராமன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“காலையில முதல் கேஸா அவங்களைத் தியேட்டருக்கு எடுத்துடும்மா.”