கோடிச்சேலை

சவப்பெட்டியை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதும், பின்னால் வந்த டாக்சியிலிருந்து ஒரு வெள்ளைக்காரி இறங்கினாள்.

என் கணவர் கிளீட்டஸ் கப்பல் வேலைக்கு ஒடெசா போய்ப் பதினொரு வருடம். போனில் பேசுவார், ஆள் மட்டும் வரமாட்டார். இப்போது வந்துவிட்டார், மகராசன்.

என் அண்ணன் கோடிச்சேலையோடு பக்கத்தில் நின்றான். பிறந்த வீட்டார் அதைத் தோளில் போட்டால்தான் எங்கள் கடற்கரையில் ஒருத்தி விதவை. போட்ட பிறகு நாற்பத்தொரு நாள் அவள் வாசற்படி இறங்கக் கூடாது.

என் மாமியார் நேசபாய்க்கு அதற்கப்புறமும் என்னை விடுகிற உத்தேசம் இல்லை. கஞ்சி வைக்க ஆள் வேண்டுமே.

வெள்ளைக்காரி பெட்டிமேல் விழுந்து அழுதாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டு, "வ்தோவா" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நாட்டில் டாக்டருக்குப் படிக்கும் கொழுந்தன் மகள் ஷிஜி என் காதருகே குனிந்தாள்.

"நம்ம விதவையும் அவியளுக்க வ்தோவாவும் ஒரே வேருல வந்த சொல்லு பெரியம்மா. தனிச்சுப் போனவள்னு அர்த்தம். மாப்பிள்ள உயிரோட தூரத்துல கெடந்தா, அவள அங்க வைக்கோல் விதவைன்னு சொல்லுவாவ."

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாராய்ச்சி. படித்த பிள்ளை, என்ன செய்ய?

ஆனால் அந்த வைக்கோல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. எங்களிடம் அதற்கென்று தனிச்சொல் கிடையாது. குழம்பில் உப்புக் கூடினால், மகன் உயிரோடு இருக்கும்போதே மாமியார் என்னை 'அறுதலி' என்பாள். தாலி அறுத்தவள் என்று பொருள். பதினொரு வருடம் அதைக் கேட்டு எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

அண்ணன் சேலையை விரித்தான்.

நான் அதைப் பிடுங்கி வெள்ளைக்காரியின் தோளில் போர்த்தினேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா?" என்றாள் மாமியார்.

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஒருத்தி சொன்னாள். வெள்ளைக்காரி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பாவம், நாற்பத்தொரு நாள் சங்கதி அவளுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்ததும், ஐந்தரை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு ஏறிவிட்டேன்.

துணிமணி எடுத்து வைக்க நேரம் ஆகவில்லை. அவர் இறந்த சேதி வருவதற்கு முந்தின நாளே பையைக் கட்டி வைத்திருந்தேன்.