எஞ்சின் நின்ற நேரம்

வயலில் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் டீசல் எஞ்சின் மூச்சிரைக்க ஓடியும் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“இன்னும் வேகமா ஓடட்டுமா?” என்று கத்தியது எஞ்சின்.

“நிறுத்துண்ணே! என் வயித்துல வெறும் காத்துதான் இருக்கு. இப்படியே ஓடினா கருகிடுவேன்,” என்று கெஞ்சியது பம்பு.

நிற்பதென்றால் எஞ்சினுக்கு அவமானம். ஆனாலும் நின்றது. அப்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து தவளையின் குரல் கேட்டது.

“குழாயோட அடி வால்வுல இலை சிக்கி, அது மூடாமக் கிடக்கு! பம்புல ஊத்துற தண்ணியெல்லாம் கிணத்துக்கே ஒழுகிடுது! எவ்வளவு நேரமாக் கத்துறேன்!”

தவளை இலையை இழுத்துப் போட்டது. வயல்காரி பொன்னுருவி பம்பில் ஊற்றிய தண்ணீர் இந்த முறை ஒழுகாமல் நின்றது.

“இப்ப ஓடுண்ணே!”

யானைத் துதிக்கை பருமனில் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. வெடித்துக் கிடந்த கடைசி வயலையும் அது நனைத்தபோது, எஞ்சின் போட்ட கும்மாளத்தில் கிணறே அதிர்ந்தது.