ரேணுகாவின் முல்லை

தணிகாசலத்துக்கு அமுதவல்லி இரண்டாம் தாரம். பால்கனி முல்லையைப் பறித்துச் சூடிய நாட்களில் மட்டும் அவன் அவளிடம் ஆசையாக வந்தான்.

ஊரிலிருந்து வந்த நாத்தனார் அவள் தலைப்பூவை முகர்ந்ததும் அழுதுவிட்டாள்.

“ரேணுகா அண்ணி வாசனை அப்படியே இருக்கு. செத்தவங்க உடம்பு வாசனையைக் கொடியில ஏத்தித் தர்ற நர்சரியில அண்ணன் வாங்கினது. உங்ககிட்ட சொல்லலையா அண்ணி?”

அன்றோடு அமுதவல்லி பூச்சூடுவதை நிறுத்தினாள். அவன் காரணம் கேட்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். மழையில் கொடி வேரழுகி வாடத் தொடங்கியதும் அவளோடு பேசுவதையும் விட்டான்.

பொறுத்துப் பார்த்த அமுதவல்லி, பச்சையாக மிஞ்சியிருந்த ஒரு கிளையை வளைத்துப் புதுத் தொட்டியில் பதியம் போட்டாள். அது வேர்பிடித்துப் பூத்ததும் தலையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

பின்னால் வந்தவன், “ரேணு” என்றான்.

“ம்” என்றாள்.