லிஃப்ட் வாசலில் ஒரு பேரம்

"விலையில இன்னும் கொஞ்சம் இறங்கி வாம்மா," என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி.

அவள் இறங்கவில்லை.

சேலை முதல் சீப்பு வரை இணையத்தில் விற்கிற மனிதர். சரக்கு விவரமெல்லாம் பழைய டேட்டாபேஸில் கட்டம் கட்டமாய் அடைபட்டுக் கிடந்தது. சேலைக்குக் கரை உண்டு, குக்கருக்கு விசில் உண்டு. புதுச் சரக்கு வந்தால் புதுக் கட்டம் போட வேண்டும். போட்டு முடிக்கிறவரை கடை மூச்சு விடாது.

போன தீபாவளிக்கு முந்தின நாள், விற்பனை கொதித்துக்கொண்டிருந்தபோது, அப்போது அவரிடம் வேலை பார்த்த அவளை அவரே போடச் சொன்னார். பட்டாசுக்கு 'சத்தம்' என்று ஒரு கட்டம்.

இப்போது வேண்டாம், கடையே பூட்டிக்கொள்ளும் என்றாள்.

போடு என்றார்.

பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்கு ஓடினார்கள். "கடையைக் கவுத்த மகராசி" என்று ஊழியர்கள் முன்னால் சொல்லி, அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

இன்று அவள் விற்கிற டேட்டாபேஸுக்குக் கட்டமே கிடையாது. எந்தச் சரக்கையும் அதன் உருவத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். அது இல்லாமல் இந்தத் தீபாவளியை அவர் கடை தாங்காது. இருவருக்கும் தெரியும்.

"டேட்டாபேஸ் கம்பெனி இப்ப வெங்காய மண்டி மாதிரி பெருத்துப் போச்சு. உன்னை விட்டா ஆளில்லையா?"

"இருக்காங்க அண்ணாச்சி. தீபாவளிக்குள்ள முடிச்சுத் தரத்தான் ஆளில்ல. எங்களாலயும் ஒரு கடைக்குத்தான் முடியும்."

எழுந்தார். அவள் ஆபீஸ் வாசலை நோக்கி மெதுவாக நடந்தார்.

கடைவீதியில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த நடை அது. வாசலைத் தாண்டுவதற்குள் விற்கிறவன் கூப்பிடுவான். விலை இறங்கும். எத்தனை கம்பெனிக்காரர்களை அவர் இப்படி நடந்தே இறக்கியிருக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

"கூப்பிடுங்க மேடம்," என்றார் அவளுடைய மேலாளர் விஸ்வநாத், பாதி எழுந்தபடி.

"காபி ஆறுது சார்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணாச்சி நின்றார். லிஃப்ட் பொத்தானை அழுத்தவில்லை. செருப்பைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். முதுகு முழுக்கக் காதாக நின்றது.

அவள் கூப்பிடவில்லை.

லிஃப்ட் தானாக மேலே வந்தது. கதவு திறந்தது.

எதிர்க்கடை ஞானமுத்து இறங்கினார். இந்த நேரத்துக்கு அவரை வரச் சொன்னது அவள்தான்.

இரண்டு அண்ணாச்சிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று முதல்முறையாக அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள், ஞானமுத்துவை வரவேற்க.

லிஃப்ட் காலியாகவே கீழே போனது.